ஒட்டின இடமே தெரியாது

பீரோக் கண்ணாடியைக் கசக்கிய செய்தித்தாளால் கடைசியாக ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு, மங்கையர்க்கரசி இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். ஒரு கோடு கிடையாது, ஒரு திட்டு கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, கடையிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்குப் பிறகு இந்தக் கண்ணாடி இப்படி ஒரு முகத்தைக் காட்டியிருக்காது. அண்ணன் பிரமநாயகம் முடி வெட்டப் போயிருக்கிறார், வருவதற்குள் எல்லாம் முடிந்தது என்று மனசுக்குள் ஒரு நிறைவு, அந்த நிறைவோடு காலையிலிருந்து செய்ததை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள், குத்துவிளக்குக்குப் புளியும் கல்லுப்பும், குழாய்க்குச் சாறு பிழிந்த எலுமிச்சைத் தோல், தொட்டிக் குழாய் அடைப்புக்குச் சோடா உப்பைக் கொட்டி மேலே வினிகர், அது புஸ்ஸென்று நுரைத்து இறங்கும்போது இந்த வயசிலும் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம், மின்விசிறிக்குப் பழைய தலையணை உறை, இறக்கையை உறைக்குள் விட்டு உருவினால் தூசி கட்டிலில் விழாது, கடைசியில் இந்தக் கண்ணாடி, தேங்காயெண்ணெயில் சோடா உப்பைக் குழைத்துத் தடவி, ஊறவிட்டு, காலாவதியான வங்கி அட்டையால் மெல்லத் தள்ளினால் ஒட்டுப்பொட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும், பசையும் நிற்காது, ஒட்டின இடமே தெரியாது. ஒட்டின இடமே தெரியாது என்பது அவளே எழுதிய வரி. வாரப் பத்திரிகையில் வீட்டுக் குறிப்புப் பகுதியில் மங்கையர்க்கரசி, தென்காசி என்று பெயர் போட்டு வந்தது, பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா வந்தது, அதை அவள் இன்னும் அட்டைப்பெட்டியோடு வைத்திருக்கிறாள். அப்படி நினைத்துக்கொண்டே கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோதுதான், முகத்துக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாதது உறைத்தது. இத்தனை வருஷமாக இந்தக் கண்ணாடியில் முகம் பார்த்தால் பக்கத்தில் மைனியின், அண்ணன் பெண்டாட்டியின், பொட்டுகள் இருக்கும்.

இருக்கும் என்றால் ஒன்றா இரண்டா. குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் அப்புவாள் ஆவுடையம்மாள், குளித்துவிட்டு வந்து மறந்துபோய்ப் புதுசு ஒன்றை ஒட்டிக்கொள்வாள், பழசு அங்கேயே இருந்துவிடும், அது காய்ந்து விளிம்பு சுருண்டு, அதன் பக்கத்தில் இன்னொன்று, அரக்கு, கறுப்பு, கல் வைத்தது, மகள் கல்யாண சமயத்தில் வாங்கிய மினுமினுப்புப் பொட்டு என்று இடதுபக்க ஓரமாக ஒரு கூட்டம். நாட்டில் பாதிப் பெண்கள் செய்கிற காரியந்தான் இது. ஆனால் மங்கைக்கு அதைப் பார்த்தாலே கை அரிக்கும். "கண்ணாடியா இது, பொட்டுக்கடையா மைனி" என்பாள். ஆவுடை சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, "மறந்து போயிருதுட்டி" என்பாள். அடுத்த தடவை வரும்போது இன்னும் இரண்டு கூடியிருக்கும். மங்கையின் வீட்டுக்காரர் சொல்வார், இவ ஒருநாள் என்னையும் புளி போட்டுத் தேச்சுக் கவுத்தி வச்சிருவா என்று. கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது சொந்தத்தில். மங்கையும் சிரிப்பாள், அது புகழ்ச்சி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் காலையில் கை தானாகச் செய்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா, முடியாது, கை தானாகச் செய்யவில்லை, ரசித்துச் செய்தாள், எண்ணெய் ஊறி ஒவ்வொன்றும் வழுக்கி வரும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, எத்தனை வருஷத்து ஆசை, கேட்க ஆளில்லாத வீட்டில் தீர்த்துக்கொண்டாள். கேட்க ஆளில்லை என்று அப்போது வார்த்தையாக நினைக்கவில்லை. இப்போது நினைத்தாள், நினைத்ததும் கையிலிருந்த காகித உருண்டையைக் கீழே போட்டாள்.

போகட்டும், தூசி அடைஞ்ச பழம் பொட்டுதானே, குப்பைதானே, மைனி போய் மாசம் கழிந்தாச்சு, வீடென்றால் துடைக்கத்தான் வேண்டும், அண்ணன்தான் போன் பண்ணி, "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்ட்டி, வீடு வீடாவே இல்ல" என்றார், துடைக்காமல் என்ன செய்வார்கள், என்று சமாதானம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. சமாதானத்துக்கு என்ன பஞ்சம். ஆனால் அது ஒரு இடத்தில் வந்து மாட்டிக்கொண்டது. கூட்டத்தில் சேராமல் ஒரு பொட்டு மேலே தனியாக இருந்தது. சின்னது, அரக்கு நிறம். அதை எடுக்க மங்கை குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. அவளைவிட ஆவுடை குட்டை. நெற்றிக்கு நேரே ஒட்டுகிற பழக்கம் ஆவுடைக்கு, கூட்டம் முழுக்க அந்த உயரத்தில்தான் இருந்தது, அப்படியிருக்க அவ்வளவு மேலே எதற்கு, எப்படி எட்டியிருக்கும், கடைசி நாட்களில் சுவரைப் பிடிக்காமல் நிற்கவே முடியாதே அவளால், யார் ஒட்டியிருப்பார்கள் என்று நினைக்கும்போதே விடையும் பின்னால் வந்து நின்றது, மங்கை வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள், அது அங்கேயும் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மைனியைக் கொண்டுவந்து கிடத்திய அன்று. குளிப்பாட்டுவதற்கு முன்னால், எதிர்வீட்டு அம்மா குனிந்து, "அந்த ஒட்டுப்பொட்ட எடுத்துருங்கம்மா, குங்குமம் வைக்கணும்லா" என்றாள். எடுத்தது மங்கைதான். சுண்டுவிரல் நகத்தால் நெம்பி எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் விரல் நுனியில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஒரு கை நீண்டது. அண்ணன் கை. வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே போனவர் என்ன செய்தார் என்று அன்றைக்கு யார் பார்த்தார்கள். ஐந்தேமுக்கால் அடி மனுஷன், இந்தக் கண்ணாடி முன்னால் வந்து நின்று, தன் நெற்றிக்கு நேரே ஒட்டியிருக்கிறார். ஒட்டிவிட்டுத் தினமும் தலை சீவும்போது பார்த்திருக்கிறார். அதைத்தான் அவள் சோடா உப்புப் போட்டு எடுத்திருக்கிறாள்.

 மணி பார்த்தாள், பார்த்தும் மனசில் பதியவில்லை. சலூனில் இன்றைக்குக் கூட்டம் இருந்தால் நல்லது, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு கத்தி படாத தாடி, நிதானமாக எடுக்கட்டும், அவசரமில்லை. முடி வெட்டிவிட்டு வந்தால் அண்ணன் வாசல் வழியாக நுழைய மாட்டார், அப்பா காலத்துப் பழக்கம், வீட்டோரச் சந்தான முடுக்கு வழியாகப் பின்னால் வந்து, ஒன்றையும் தொடாமல், தலைக்கு ஊற்றிக்கொண்டு அப்புறந்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். குளித்து வந்ததும் முதலில் நிற்கிற இடம் இந்தக் கண்ணாடி. அவள் குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். பொட்டுகளை வழித்துப் போட்ட காகிதம் மடங்கியபடி கிடைத்தது, எலுமிச்சைத் தோலுக்கும் புளிச் சக்கைக்கும் நடுவிலிருந்து. பிரித்துத் தரையில் வைத்தாள். எண்ணெய் ஊறி எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. சின்ன அரக்கு எது என்று பார்த்தால் சின்ன அரக்கே ஏழெட்டு இருந்தது, நோய் வந்தபிறகு பெரிய பொட்டு வேண்டாம் என்று ஆவுடை சின்னதற்கு மாறிவிட்டாள் போலிருக்கிறது, அதைக்கூட இப்போது, காகிதத்தில் கிடக்கும்போதுதான் மங்கை பார்க்கிறாள், பெரிசு சிறிசாகிக்கொண்டே வந்ததை, கண்ணாடியில் இருந்தவரைக்கும் அவளுக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்து, குதிகாலைத் தூக்கி மேலே வைத்து அழுத்தினாள். ஒட்டியதுபோல இருந்து, மெதுவாக வழுக்க ஆரம்பித்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. ஊறியிருந்த எண்ணெயையே வழியாக வைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்து பீரோவின் கைப்பிடிக்கு மேல் நின்றன. அவள் எழுதிய குறிப்பு, அவளே பரிசு வாங்கிய குறிப்பு, வேலை செய்யாமல் இருக்குமா.

இரண்டையும் எடுத்துக் காகிதத்திலேயே போட்டுவிட்டு, பீரோ இழுப்பறையைத் திறந்தாள். சீப்பு, ஊக்கு, தைல பாட்டில், அடியில் ஒரு பொட்டு அட்டை. பாதி தீர்ந்தது. சின்ன அரக்கு. திருடுகிறவள் மாதிரிப் பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஒன்றை உரித்து மேலே ஒட்டினாள். அது கச்சிதமாக ஒட்டியது. தள்ளி நின்று பார்த்தாள். புத்தம் புதுசு, பளபளவென்று, கடையில் மாதிரிக்கு வைத்ததுபோல இருந்தது. இடம் சரிதானா. இன்னும் கொஞ்சம் வலமா. அண்ணனுக்குத் தெரியாமலா போகும், நெற்றியில் பட்ட பொட்டுக்கும் படாத பொட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர், அப்படியே தெரியாமல் போனால், அது இன்னும் மோசம், நாளைக்கும் அதற்கு அடுத்த நாளும் யாருடையதும் அல்லாத ஒரு பொட்டைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு நிற்பார், அப்படி அவரை நிற்க வைத்துவிட்டு தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்து போக முடியுமா. நகத்தால் நெம்பி எடுத்தாள். பசை வட்டமாக நின்றது. அதை மறுபடியும் எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டியதாயிற்று.

துடைக்கும்போது அந்தக் குறிப்பு திரும்பவும் வந்தது, பத்திரிகையில் வந்தது மட்டுமா, அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாளே. கண்ணாடியில் பொட்டு ஒட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு என்று மேலே ஒரு வரி வேறு சேர்த்து, சிரிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டாள். யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். சித்தி மகள் ஒருத்தி, யாரையோ குத்துற மாதிரி இருக்கே என்று எழுதினாள், எல்லாரும் சிரித்தார்கள். ரொம்ப நேரம் கழித்து ஆவுடையிடமிருந்து கும்பிடுகிற கை ஒன்று வந்தது. கோபமில்லை, பதில் இல்லை, இரண்டு கை கூப்பி ஒரு படம். அன்றைக்கு மங்கைக்கு அது வெற்றியாக இருந்தது. இப்போது அந்தக் கையை நினைத்தால் அது யார் காலில் விழுந்து எதைக் கேட்டது என்று இருக்கிறது. ஆவுடை கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் வாயால்தான் கேட்டாள், வாட்ஸ்அப்பில் கேட்கவில்லை. வயிற்றுநோய் முற்றிப் படுத்திருந்தபோது மங்கை பார்க்க வந்தாள், பார்க்க வந்தவள் நேரே அடுப்படிக்குப் போனாள், அண்ணன் சமைத்துச் சமைத்து அடுப்பு அலங்கோலமாகக் கிடந்தது, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, பர்னரைக் கழற்றி வினிகரில் போட்டு, மேடையில் பிசுக்குக்குச் சோடா உப்பைத் தூவி, பழைய பல் பிரஷ்ஷால் ஓரம் ஓரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பீரோ இருக்கிற இந்த நடு அறையிலிருந்து குரல் வந்தது. "மங்கா, இங்கன வந்து கொஞ்சம் உக்காரேன்." "இந்தா வாரேன் மைனி, இத முடிச்சிட்டு." கொஞ்ச நேரம் கழித்து, "அது கெடக்கட்டும்ட்டி, வாயேன்." "வந்துட்டேன் மைனி." வந்தபோது ஆவுடை தூங்கியிருந்தாள். தூங்குகிறவளை எழுப்புவானேன் என்று மங்கை கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். போகும்போது அடுப்பைத் திரும்பிப் பார்த்ததுகூட நினைவிருக்கிறது, புதுசு மாதிரி மின்னியது. மைனி முகம் எப்படி இருந்தது என்று யோசித்தால் அதுதான் வரவில்லை. என்ன சொல்லக் கூப்பிட்டாள். ஒன்றும் சொல்லவேண்டாம், சும்மா உட்காரத்தான் கூப்பிட்டாளோ என்னவோ. பயந்தாளா. மங்கைக்குத்தான் பயமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் அதுதான், அந்த மெலிந்த கையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பயம், பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்பது சுலபம்.

"ஏ மங்கா, வெந்நி போட்டியாட்டி?"

முடுக்கிலிருந்து அண்ணன் குரல். அவளுக்குக் காகிதத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "போட்டாச்சுண்ணே, வாளியில ஊத்தி வச்சிருக்கேன்" என்று சொன்ன குரல் யாருடையதோ போலிருந்தது. பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு செம்பும் தலையில் விழுந்து தரையில் சிதறுவது இவளுக்குள் விழுவதாக இருந்தது. சட்டென்று ஒரு யோசனை. இழுப்பறைச் சீப்பை எடுத்து, சவரம் பண்ணுகிற சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஓடி, பின்கதவுப் பக்கம் ஆணியில் கண்ணாடியை மாட்டி, கீழே சீப்பைச் செருகிவைத்தாள், துண்டை அங்கேயே கொடியில் போட்டாள். அங்கேயே சீவிக்கொள்ளட்டும். நேரே சாப்பிட வரட்டும். சோற்றைப் போட்டு அப்பளத்தைப் பொரித்துக் கொடுத்து, அப்படியே நைசாகப் பேச்சைத் தொடங்கி, ஏண்ணே, அந்தப் பழம் பொட்டெல்லாம், என்று தொடங்கி, எப்படி முடிப்பது. முடிக்கத் தெரியவில்லை. மூன்று பர்னரையும் ஒரு துரும்பு அழுக்கில்லாமல் முடிக்கத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.

பிரமநாயகம் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் சீப்போடு உள்ளே வந்தார். தாடி போன முகம் சின்னதாகிவிட்டிருந்தது, மோவாய்ப் பக்கம் வெளுத்து, பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்து அண்ணன் எங்கேயோ எட்டிப் பார்த்தார். "என்னத்துக்குட்டி சீப்ப அங்க கொண்டுபோய் வச்ச" என்று கேட்டுக்கொண்டே பீரோ முன்னால் போய் நின்றார். சீப்பைத் தலைக்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். அவர் பார்வை முதலில் ஓரத்துக்குப் போகவில்லை, நேரே மேலே போனது, அவள் பயந்த அதே இடத்துக்கு. ஆள்காட்டி விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல் வழுக்கியது. விரலை முகர்ந்தார்.

"எதக் கொண்டு எடுத்த?"

"தேங்காண்ணெய்ணே. சோடா உப்பும்." பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி வந்தது. அப்புறம் இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். "எல்லாம் இதுலதான் இருக்குண்ணே. எது எதுன்னுதான் எனக்குத் தெரியல. யோசிக்காம செஞ்சிட்டேன். எல்லாத்தையும் எடுத்துட்டேன், அதையும் எடுத்துட்டேன்."

அவர் காகிதத்தை வாங்கினார். பிரிக்கவில்லை. எண்ணெய் கசிந்து அதனூடே தெரிந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, பீரோ மேல் வைத்தார். திட்டுவார் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள், திட்டினால் போதும் என்றிருந்தது, ஒரு அடி விழுந்தால்கூடப் பரவாயில்லை, சின்ன வயசில் இங்க் பாட்டிலை உடைத்ததற்கு முதுகில் வைத்தாரே, அது மாதிரி ஒன்று. அவர் தலையைச் சீவினார். நிதானமாக வகிடு எடுத்துச் சீவி முடித்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினார், அவளைப் பார்த்து அல்ல.

"நீ அந்தக் குறிப்பு போட்டல்லா, அன்னைக்கே செஞ்சு பாத்தா. எண்ணெயத் தேச்சுக்கிட்டு நின்னா. நாலஞ்சு எடுத்தா. அதுக்கு மேல கை ஓயுதுன்னு உக்காந்துட்டா. கெடக்கட்டும், எனக்குப் பொறவு மங்கா வந்து எடுத்துக்கிடுவான்னு சொன்னா." சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்தார். "சிரிச்சுக்கிட்டுதான் சொன்னா."

மங்கை தரையில் கவிழ்ந்து கிடந்த குப்பைக்கூடையை நிமிர்த்தினாள். சோறு போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம், கால் அதற்குத்தான் திரும்பியது, இத்தனை வருஷமாக அது திரும்பிப் பழகிய பக்கம். "சோறு அப்புறம் திங்கலாம். இங்கன வந்து கொஞ்சம் உக்காரு" என்றார் அண்ணன். அதே வார்த்தைகள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு ஒரே மாதிரிப் பேச்சுத்தான் வரும், அதற்கு மேல் ஒன்றுமில்லை, என்றாலும் திரும்பிய காலை அவள் திருப்பிக்கொண்டாள். போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். விரிப்பு இல்லாமல் வெறும் பலகைக் கட்டில், தலைமாட்டில் அவள், கால்மாட்டில் அவர். அடுப்படி வாசல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எதிரே பீரோ. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, அந்தக் கோணத்துக்கு அது விழாது. அடுப்படி வாசல் தெரிந்தது, வாசலுக்குள்ளே மேடை தெரிந்தது, மேடையில் அடுப்பு தெரிந்தது.

"மைனி படுத்திருந்தப்பவும் கட்டில் இப்படியேதான் கெடந்துச்சாண்ணே?"

"ஆமா. அவதான் இப்படிப் போடச் சொன்னா. படுத்துக்கிட்டே கண்ணாடி வழியா அடுப்படியில யாரு என்ன செய்யுதான்னு பாக்கலாம்லா."

மங்கை அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதன் முன்னால் திரும்பாமல் நின்ற ஒரு முதுகையும், மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த முழங்கையையும், இந்தத் தலைமாட்டிலிருந்து மைனி எவ்வளவு நேரம் பார்த்திருப்பாள் என்று நினைத்தாள். அன்றைக்காவது மைனியின் பார்வைக்கும் அந்த முதுகுக்கும் நடுவில் பொட்டுகள் இருந்தன. இப்போது கண்ணாடியில் மறைக்க ஒன்றும் இல்லை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.